காலின் சாப்மனும் எங்கள் ஃப்ளைவீலும்



மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது நான் ஒர்க் ஷாப்பில் லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு ஃப்ளைவீல். அதன்மேல் சாக்பீஸால் வட்டம் போட்டு, இதுவரைக்கும் கடைய வேண்டும் என்று குறித்து வைத்திருந்தோம். நம் மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் வழக்கமாக எடிசன் வருவார். இல்லாவிட்டால் ஜேம்ஸ் வாட் வருவார். பெரிய மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் வேறொருவர். அந்த ஃப்ளைவீலை லேத்தில் மாட்டலாமா, வேண்டாமா என்று எனக்குள் சண்டை மூட்டி விட்டவரும் அவரேதான். ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

பெயர் காலின் சாப்மன். இங்கிலாந்தில் லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்தவர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் தயாரிப்பாளருக்கான உலகப் பட்டத்தை அவருடைய லோட்டஸ் 7 முறை வென்றது. 1982-ல் காலமானார், நம்மில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. பட்டம் வாங்கின கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதற்கு முந்தின கதை. காசில்லாத ஒரு மாணவர், காதலி வீட்டுக் கொட்டகையில், பழைய இரும்பை வைத்துக்கொண்டு பந்தயக் கார் கட்டின கதை.

ஏன் இவர்மேல் இத்தனை ஈடுபாடு என்று கேட்பீர்கள். இறுதியாண்டு புராஜெக்டாக நாங்கள் ஆறு பேர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். பைப் வளைத்து சேசிஸ் வெல்டிங் பண்ணியாச்சு. பழைய கார் பிரிக்கும் ஒரு கடையில் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின் ஒன்றையும் வாங்கிவிட்டோம். அதன்பிறகு கையிருப்பு 9,400 ரூபாய். இதை எதில் போடுவது? ஒருத்தனுக்கு இரட்டைக் கார்புரேட்டர் வேண்டும். ஒருத்தனுக்கு சத்தமாக ஒரு எக்ஸ்ஹாஸ்ட் வேண்டும். இன்னொருத்தன் கேம் ஷாப்ட்டை மாற்றினால்தான் ஆச்சு என்கிறான். நான் ஃப்ளைவீல் கட்சி. இரண்டு கிலோ கடைந்து எடுத்துவிட்டால் இன்ஜின் சட்டென்று சுற்று ஏறும், செலவும் இல்லை. எடையைக் குறை, எடையைக் குறை என்று வாழ்ந்த சாப்மன் எனக்கு அப்போது குலதெய்வம் மாதிரி. அவர் கதையைப் பாதிதான் படித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். வளர்ந்தது வட லண்டனில் ஹார்ன்சி என்ற பகுதியில். அங்கே அப்பா ரயில்வே ஹோட்டல் என்றொரு மதுவிடுதி நடத்தினார். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் சாப்மன் படித்தது ஆட்டோமொபைல் இல்லை, மெக்கானிக்கலும் இல்லை, கட்டுமானப் பொறியியல்! நம் சிவில் பிராஞ்ச் நண்பர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். படிக்கும்போதே ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரமும் செய்தார். உலகப் போர் முடிந்த சமயம், புதுக் கார் கிடைக்காது, பழசுக்கு நல்ல கிராக்கி. ஆனால் 1947-ல் சொந்தக் கார் வைத்திருப்போருக்கான பெட்ரோல் ரேஷனையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்? இருந்ததையெல்லாம் நஷ்டத்துக்குத் தள்ளியது போக, விலை போகாமல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் மிஞ்சியது. யாருக்கும் வேண்டாத அந்த வண்டிதான் லோட்டஸின் ஆரம்பம்.

ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணை அவர் காதலித்துக்கொண்டிருந்தார். அவர் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கார் கொட்டகையில் இந்த ஆஸ்டினை நிறுத்தி, உடம்பு முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டு, அலுமினியம் ஒட்டின பிளைவுட்டில் விமானம் கட்டுகிற பாணியில் புது உடம்பு கட்டினார். 1948-ல் அது சேற்று மேட்டில் ஏறும் போட்டிகளுக்குப் போனது. லோட்டஸ் என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்று அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. நம்ம ஊர்த் தாமரைதான். சேற்றில் முதலில் ஓடியதால் எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது.

கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டதால் 1948-ல் பட்டம் இல்லாமலே கல்லூரியை விட்டு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை வீட்டில் காட்ட வேண்டாம். பிறகு கொஞ்ச காலம் விமானப் படையில் இருந்தார். அதன்பின் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. பகலில் ஆபீஸ், ராத்திரியில் கொட்டகை. இரண்டாவது காரில் ஃபோர்டு இன்ஜினைப் பொருத்தி, 1950-ல் சில்வர்ஸ்டோன் மைதானத்தில் நடந்த கிளப் பந்தயத்தில் ஒரு புகாட்டியை முந்தினார். புகாட்டி என்றால் அந்தக் காலத்தில் ராஜாக்கள் வீட்டு வண்டி! சேற்று மேட்டை விட்டுவிட்டு ஓடுபாதைப் பந்தயம்தான் இனி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. சில்வர்ஸ்டோன் என்பது போர்க்கால விமான ஓடுதளம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரமும் அப்படித்தான். போருக்காகப் போட்ட ஓடுதளத்தில் பல வருடம் கார் பந்தயம் நடந்தது. போர் முடிந்ததும் அந்த நீளமான சிமெண்ட் பாதைகள் இரண்டு ஊரிலும் கார்ப் பைத்தியங்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய சமாச்சாரம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

750 மோட்டார் கிளப் என்று அங்கே ஒரு சங்கம். காசில்லாதவர்களும் பந்தயம் ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் ஒரு பிரிவு வைத்தார்கள். ஆஸ்டின் செவன் சேசிஸ், ஆஸ்டின் செவன் இன்ஜின். அதற்குள் உன் சாமர்த்தியத்தைக் காட்டு, அவ்வளவுதான். அந்த இன்ஜினை ஒரு நிமிடம் மனக்கண்ணில் நிறுத்துங்கள். 1922-ல் வந்தது. நான்கு சிலிண்டர், போர் 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76.2 மில்லிமீட்டர், மொத்தம் 747 சிசி. வால்வு ஹெட்டில் இல்லை, பிளாக்கில் பக்கவாட்டில் நிற்கும். கிராங்க் ஷாப்ட்டோ விரல் தடிமன் மாதிரி. முன்னால் ஒரு பேரிங், பின்னால் ஒரு பேரிங், நடுவில் தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. வேகமாகச் சுற்றினால் கயிறு மாதிரி வளையும். கனெக்டிங் ராடுக்கு எண்ணெய் போகிற வழி இன்னும் வேடிக்கை: சுற்றிக்கொண்டிருக்கிற கிராங்கின் ஓட்டையைப் பார்த்து ஒரு சின்னக் குழாய் எண்ணெயைப் பீய்ச்சும். உள்ளே போனால் போச்சு! இப்படிப்பட்ட இன்ஜினைக் கொடுத்து ரேஸ் ஓட்டு என்றால் நாம் என்ன செய்வோம்? பெரிய கார்புரேட்டர் தேடிப் போவோம். ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவோம். அங்கே இருந்த எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சாப்மன் வேறு கேள்வி கேட்டார். இந்த இன்ஜினுக்கு எங்கே மூச்சு முட்டுகிறது?

பதில் இன்லெட் போர்ட்டில் இருந்தது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே போர்ட். முதலும் இரண்டாவதும் ஒன்றைப் பங்கு போடும், மூன்றும் நான்கும் மற்றதை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் முன்பே அடுத்ததாக உறிஞ்ச வருவது அதே போர்ட்டைப் பகிரும் ஒன்றாவது. அந்தப் பக்கம் மூன்று முடிக்கும் முன்பே நான்கு. இன்லெட் வால்வு 180 டிகிரியோடு மூடுவதில்லை, அதைத் தாண்டியும் திறந்திருக்கும் என்பதை வால்வு டைமிங் படத்தில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறோம். அப்படியானால் கொஞ்ச நேரம் ஒரே போர்ட்டில் இரண்டு வால்வும் திறந்திருக்கிறது. முதல் ஆள் கடைசி வாய் சாப்பிடும்போது அடுத்த ஆள் இலையை இழுக்கிறான்! பிறகு ஒரு முழுச் சுற்று அந்தப் போர்ட் சும்மா கிடக்கிறது. இந்த நிலைமையில் எவ்வளவு பெரிய கார்புரேட்டர் மாட்டினாலும் நான்கு சிலிண்டருக்கும் சமமாகக் கலவை போகப் போவதில்லை.

பிளாக்கை மாற்ற விதி இடம் தராது. ஆனால் போர்ட்டின் நடுவில் தடுப்பு வைக்கக் கூடாது என்று விதியில் இல்லை. ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் வால்வுக்குக் கிட்டத்தில் வரை ஒரு தகட்டைச் செருகிச் சுவர் எழுப்பினார். அதற்குப் பொருந்துகிற மாதிரி நான்கு குழாய் உள்ள மேனிஃபோல்டை வெல்டிங் பண்ணி, மேலே இரட்டை வழிக் கார்புரேட்டரை உட்கார வைத்தார். இரண்டு போர்ட் நான்கு போர்ட்டாகிவிட்டது! செலவு என்ன? தகடு, குழாய், வெல்டிங் ராடு, யோசனை. 1951-ல் அந்த மூன்றாவது லோட்டஸ் 750 பிரிவில் மற்றவர்களை மிகவும் பின்னால் தள்ளியது. சங்கத்தார் பார்த்தார்கள். போர்ட்டுக்குள் தடுப்பு வைக்கக் கூடாது என்று புது விதி போட்டுவிட்டார்கள். ஒரு இளைஞர் செருகின தகட்டுக்காக ஒரு சங்கம் விதிப் புத்தகத்தைத் திருத்தியது என்றால் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேண்டும்? அந்தக் காரில் மைக்கேல் ஆலன், நைஜல் ஆலன் என்ற அண்ணன் தம்பியின் உழைப்பும் உண்டு. அவர்கள் வீட்டில் நல்ல ஒர்க் ஷாப் இருந்தது. கூட்டாளி பிடிக்கும்போது இதையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது!

1952-ன் தொடக்கத்தில் லோட்டஸ் இன்ஜினியரிங் என்று தொழிலாக ஆரம்பித்தார். இடம், அப்பாவின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். கம்பெனியைப் பதிவு செய்ய ஹேசல் 25 பவுன் கொடுத்தார். அவர்கள் 1954-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஆறாவது கார், மார்க் சிக்ஸ், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த சட்டம். வெறும் சட்டத்தின் எடை 25 கிலோ. சிவில் படிப்பு இங்கேதான் கைகொடுத்தது, கூரைக்கு டிரஸ் போடுகிற அதே தத்துவம். இதற்கு ஃபோர்டு கான்சல் காரின் 1508 சிசி இன்ஜின் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது அப்போதுதான் வந்த புது மாடல், இன்ஜினைத் தனியாக யாரும் விற்கவில்லை. இவரும் ஆலன் சகோதரர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு டீலரிடம் ஒரு பாகம், இன்னொரு டீலரிடம் இன்னொரு பாகம் என்று ரிப்பேருக்கு வாங்குகிற மாதிரி ஸ்பேர் பார்ட்டாகவே வாங்கி, ஒரு முழு இன்ஜினைச் சேர்த்துவிட்டார்கள்! அப்புறம் இன்னொரு சிக்கல். பந்தயப் பிரிவின் எல்லை 1500 சிசி, இன்ஜினோ 8 சிசி கூட. ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் குறைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 76.2 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் அரை மில்லிமீட்டர்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கார் ஒரே சீசன்கூட முழுசாக ஓடவில்லை. 1952-லேயே பந்தயத்துக்குப் போகிற வழியில், சாதாரண ரோட்டில், ஒரு ரொட்டி வேன்மேல் மோதி நொறுங்கியது. ஆலன் சகோதரர்கள் விலகிக்கொண்டார்கள். சாப்மன் நிறுத்தவில்லை. பிரித்த பாகங்களாக மார்க் சிக்ஸை விற்றார். கோர்ப்பது வாங்குகிறவர் பாடு. பிரித்த பாகத்துக்குக் கார் வரி கிடையாது என்பதும் ஒரு காரணம். ஏறக்குறைய நூறு கார்கள் இப்படிப் போயின. இன்ஜின் வாங்குகிறவரின் இஷ்டம்: ஃபோர்டு டென், எம்.ஜி., எது கைக்கு எட்டுகிறதோ அது. அத்தனை பேரும் அவரவர் கொட்டகையில் உட்கார்ந்து எந்த பிஸ்டன், எந்த கேம், எந்த கார்புரேட்டர் என்று நம்மை மாதிரியே சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

அதற்குப் பின்னால் அவர் இன்ஜின் தேர்ந்தெடுத்த விதமும் கவனிக்க வேண்டியதுதான். கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற கம்பெனி தீயணைப்புத் துறைக்காக ஒரு சின்ன இன்ஜின் செய்திருந்தது. ஆட்கள் கையால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய தண்ணீர் பம்பு என்பதால் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், கேம் ஷாப்ட் மேலே. இறகு எடை என்றே அதற்குப் பெயர். தீயணைக்கிறவனுக்கும் பந்தயக்காரனுக்கும் தேவை ஒன்றுதான், கனம் கூடாது, சட்டென்று முழு சக்தி வேண்டும். அதைப் பந்தயத்துக்கு மாற்றி 1098 சிசி ஆக்கினார்கள். லோட்டஸ் லெவன் காரில் அது பறந்தது. 1957-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், இதே குடும்பத்துச் சின்ன இன்ஜின், 744 சிசி, இன்ஜின் அளவுக்கு ஏற்ற செயல்திறனுக்கான பரிசை லோட்டஸுக்கு வாங்கித் தந்தது.

1959-ல் ஃபோர்டு ஆங்கிலியா இன்ஜின் வந்தது. 997 சிசி. போர் 81 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஸ்ட்ரோக் வெறும் 48.4. தினசரி ஆபீஸ் போகிற காருக்கான இன்ஜின்தான். ஆனால் அந்தக் குட்டை ஸ்ட்ரோக்கைப் பார்த்ததும் பந்தயக்காரர்களுக்கு எச்சில் ஊறியது. நாமே கணக்குப் போடலாம். ஆஸ்டின் செவன் 5,000 சுற்றில் ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.7 மீட்டர். ஆங்கிலியா 7,500 சுற்றில் ஓடினாலும் 12.1 மீட்டர்தான்! சுற்று ஒன்றரை மடங்கு, பிஸ்டனுக்கோ அலுப்பு குறைவு. லோட்டஸில் வேலை பார்த்த மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் இருவரும் 1958-ல் தொடங்கின காஸ்வொர்த் கம்பெனிதான் இந்த இன்ஜினைச் சீர்செய்து 1960-ல் லோட்டஸின் ஃபார்முலா ஜூனியர் கார்களுக்குக் கொடுத்தது. ஜிம் கிளார்க் என்ற இளைஞர் அதை ஓட்டினார். 1963-லும் 1965-லும் உலக சாம்பியன் ஆனவர் அவரேதான்.

பெரிய வெற்றிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1966-ல் ஃபார்முலா ஒன் இன்ஜின் அளவு 3 லிட்டராக உயர்ந்தது. சாப்மன் ஃபோர்டு கம்பெனியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு லட்சம் பவுன் போட வைத்து, டக்வொர்த்திடம் வி8 இன்ஜின் ஒன்றைச் செய்யச் சொன்னார். டி.எஃப்.வி. என்று பெயர். 1967 ஜூன் 4 அன்று ஹாலந்தில் ஓடின முதல் பந்தயத்திலேயே கிளார்க் ஜெயித்தார். அந்தக் காரில் இன்ஜினுக்குப் பின்னால் சேசிஸே கிடையாது. டிரைவர் உட்காரும் தொட்டிக்குப் பின்னால் இன்ஜினை நேரே போல்ட் போட்டு, பின் சக்கரங்களை இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் தொங்கவிட்டார்கள். ஒரு பாகம் இரண்டு வேலை செய்தால் இன்னொரு பாகம் மிச்சம். அந்த இன்ஜின் பிற்பாடு பல கம்பெனிக் கார்களில் ஓடி, மொத்தம் 155 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஜெயித்தது.

இதுவரை படித்துவிட்டுத்தான் நான் ஃப்ளைவீலில் சாக்பீஸ் வட்டம் போட்டேன். மீதிப் பாதியை எங்கள் ஒர்க் ஷாப் சார் படிக்கச் சொன்னார்.

எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாகம் உடையும். லோட்டஸில் உடைந்தது. 1960-ல் பெல்ஜியத்தில் ஸ்பா மைதானத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டின லோட்டஸில் பின்பக்க ஹப் உடைந்து சக்கரம் கழன்றது. அவருக்கு இரண்டு காலிலும் எலும்பு முறிவு. அதே மைதானத்தில் அதே நாள் மைக்கேல் டெய்லர் என்பவரின் லோட்டஸில் ஸ்டியரிங் வெல்டிங் விட்டுப்போய்க் கார் மரத்தில் மோதியது. அவர் அதன்பின் பந்தயம் ஓட்டவே இல்லை. 1969-ல் ஸ்பெயினில் ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களிலும் உயரமான இறக்கைகள் ஒடிந்தன. அதில் ஒன்றை ஓட்டின யோகன் ரிண்ட், இந்தக் கார்களின் பாகங்கள் மெலிந்து போயிருப்பதைப் பற்றிச் சாப்மனுக்கே கடிதம் எழுதினார். அடுத்த வருடம், 1970 செப்டம்பர் 5 அன்று, இத்தாலியில் மான்ஸாவில் அவர் ஓட்டின லோட்டஸ் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்துத் தடுப்பில் மோதியது. அவர் இறந்தார். முன் பிரேக்கின் ஷாப்ட் உடைந்ததாகவும், சரியாகப் பொருத்தாத சாலைத் தடுப்புதான் உயிரைக் குடித்ததாகவும் இத்தாலி விசாரணையில் சொன்னார்கள். அந்த வருடம் அதுவரை வாங்கியிருந்த புள்ளிகளை யாரும் தாண்ட முடியாததால் உலக சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே போனது. அதைப் படித்த ராத்திரி ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் காலத்துப் பந்தயமே அப்படித்தான், மற்றக் கம்பெனிக் கார்களிலும் ஆட்கள் செத்தார்கள் என்று வாதாடலாம். நானும் சாருடன் வாதாடினேன். ஆனால் போர்ட்டில் தகடு செருகின அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்தது என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. விதியில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்க்கிற கண், பாகத்தில் எங்கே மிச்சம் இருக்கிறது என்றும் பார்த்தது. சில சமயம் மிச்சம் இருக்கவில்லை. பண விஷயத்திலும் அவர் சுத்தம் என்று சொல்ல முடியாது. டிலோரியன் என்ற கார் கம்பெனிக்குப் போன பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் பெருந்தொகை மாயமானது. லோட்டஸின் கணக்குகளைப் பார்த்த உயர் அதிகாரி 1992-ல் சிறைக்குப் போனார்; சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்து வருடம் கிடைத்திருக்கும் என்று நீதிபதி குறிப்பிட்டார். அவரோ 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் போய்விட்டிருந்தார். வயது 54.

எங்கள் காருக்கு வருகிறேன். இன்ஜின் டிரைவருக்குப் பின்னால். ஃப்ளைவீல் சுற்றுகிற இடம், ஓட்டுகிறவன் முதுகிலிருந்து ஒன்றரை அடி. நடுவில் மெல்லிய அலுமினிய பெல் ஹவுசிங். ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சுற்றும்போது அதற்குள் இருப்பதெல்லாம் இழுவிசை. அதுவும் சுற்றின் வர்க்கத்துக்கு ஏறும். 5,500-லிருந்து 7,500-க்குப் போனால் இழுவை 1.86 மடங்கு! நான் சாக்பீஸில் குறித்திருந்த இடம் போல்ட் ஓட்டைகளுக்கு ரொம்பப் பக்கம். சார் ஒன்றும் திட்டவில்லை. யார் ஓட்டப் போகிறது என்று மட்டும் கேட்டார். நம்ம வகுப்பு நண்பன்தான். அவன் அப்போது எங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு சார் கம்ப்ரஷன் கேஜைக் கையில் கொடுத்தார். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், வெட்கமாகத்தான் இருந்தது. முதல் சிலிண்டர் 150, இரண்டாவது 105, மூன்றாவது 148. கார்புரேட்டர், கேம், எக்ஸ்ஹாஸ்ட் என்று இரண்டு வாரம் சண்டை போட்டோமே, எங்கள் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிற இடம் நடுச் சிலிண்டரில் இருந்தது! ஹெட்டைக் கழற்றினால் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு சீட்டில் கறுப்பாகக் கோடு. கிரைண்டிங் பேஸ்ட் ஒரு டப்பா வாங்கி, குச்சியில் ரப்பர் மாட்டி, ஆளுக்கு அரை மணி நேரம் தேய்த்தோம். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். புது கேஸ்கட் போட்டு மறுபடி பார்த்ததில் இரண்டாவது 142 காட்டியது.

மீதிப் பணத்தில் கனெக்டிங் ராட் போல்ட் ஆறும் புதுசு, பிக் எண்ட் பேரிங் புதுசு, ஆயில் பம்பு புதுசு. வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் வாங்கவில்லை என்று எக்ஸ்ஹாஸ்ட் கேட்டவனுக்கு இன்னும் வருத்தம். ஃப்ளைவீலில் கிளட்ச் உட்காரும் முகத்தை மட்டும் லேசாகச் சமன் செய்துவிட்டு, சாக்பீஸைத் துடைத்து, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி மாட்டியாயிற்று. சுற்றுக்கு 6,000-த்தில் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதற்குமேல் போனால் இக்னிஷன் கட் ஆகும்.

ஆண்டு விழா அன்று காலை ஒர்க் ஷாப் பின்பக்கம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறோம். சைலன்ஸர் இன்னும் வரவில்லை. காதுக்குப் பஞ்சு கொண்டு வாருங்கள்.